பால் நிக்காத லயம்

எண்ணெய் ஆலைக்குச் செம்பனைப் பழம் ஏற்றிய லோரி ஒன்று என்னைத் தாண்டிப் போய், தூசியைக் கிளப்பிவிட்டு, கொஞ்ச தூரத்தில் பிரேக் போட்டு நின்றது. நான் நிற்கவில்லை. செம்மண் சாலையின் ஓரத்துப் புல்லிலேயே நடந்தேன். தையல் போட்ட இடம் ஒவ்வோர் எட்டுக்கும் இழுத்தது. பிள்ளையைப் பாத்தேக் சாரோங் துணியில் நெஞ்சோடு சேர்த்து முடிந்திருந்தேன். முதுகில் பை. பைக்குள் பிள்ளையின் துணி, என் துணி, வெந்நீர் தெர்மோஸ், போத்தல், பால்மாவு டின்.

அந்த டின்னைத் தூக்கிக்கொண்டு வந்ததில்தான் எனக்கு அதிக ஆத்திரம். ஆனால் அதை விட்டுவிட்டு வரும் நிலையில் நான் இல்லை.

லோரிக்காரர் தலையை வெளியே நீட்டினார். என் வீட்டுக்காரர் முரளியோடு அதே கம்பெனியில் ஓட்டுகிறவர்.

"முரளி பொண்டாட்டிதானே நீ? இன்னும் நாளே கழியல. இந்த வெயில்ல பச்சப் புள்ளயத் தூக்கிட்டு எங்கம்மா கெளம்பிட்ட?"

"ரெம்பாவுக்கு."

"ரெம்பாவுக்கா! நடந்தா?"

"நீங்க ஏத்திட்டுப் போனா நடக்க வேணாம்ணே."

அவர் முகம் மாறிவிட்டது. கண்ணாடிக்கு மேலே மாலை போட்டு மாட்டியிருந்த முனீஸ்வரர் படத்தை ஒரு தடவை பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"தப்பா எடுத்துக்காதம்மா. வண்டியில சாமி இருக்கு. நீ தீட்டோட ஏறி, அப்புறம் ரோட்டுல ஒண்ணு ஆச்சுன்னா... லோரி பொழப்பு லா."

"சாமியக் கேட்டீங்களா?"

"என்னது?"

"ஒண்ணுமில்ல. நீங்க போங்க."

அவர் போனார். சாமி முன்னால் போக, நாங்கள் இரண்டு பேரும் அந்தத் தூசியைத் தின்றுகொண்டு பின்னால் நடந்தோம்.

சென்ற வாரம் இந்தத் தொடரைப் பிரசவ வார்டோடு நிறுத்தியிருந்தேன். படித்துவிட்டு இரண்டு பெண்கள் கேட்டார்கள்: மாமியார் வீட்டை விட்டு ஏன் வெளியேறினாய், அடித்தார்களா, பட்டினி போட்டார்களா? இரண்டும் இல்லை. அந்த வீட்டில் என்னை நன்றாகத்தான் பார்த்துக்கொண்டார்கள். நன்றாகப் பார்த்துக்கொண்டே என் பாலை வற்ற வைத்தார்கள்.

பூண்டு உண்டு, தண்ணீர் இல்லை

என் அம்மா இல்லை. அப்பாவுக்கு வேறு குடும்பம். அதனால் பிள்ளையோடு ஆஸ்பத்திரியிலிருந்து நேராக முரளியின் அம்மா வீட்டுக்குப் போனேன். ரெம்பாவிலிருந்து உள்ளே தள்ளி, செம்பனைக் காட்டுக்கு நடுவே, இன்னும் இடிக்காமல் விட்டு வைத்திருக்கும் பழைய லயம், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள். பாதி வீடுகளில் பங்களாதேஷ் பையன்கள். மீதியில் அத்தையைப் போல, போக இடமில்லாத சில தமிழ்க் குடும்பங்கள்.

அத்தை பத்தியச் சமையலில் கெட்டிக்காரர். சுறாப் புட்டு, பூண்டுக் குழம்பு, முருங்கைக் கீரைப் பொரியல், மிளகு ரசம், காலையில் மருந்து உருண்டை. எல்லாம் பால் ஊறுவதற்கு. உட்கார்ந்த இடத்துக்கே தட்டு வரும்.

தண்ணீர் மட்டும் வராது. பச்சை உடம்புக்காரி தண்ணீர் குடித்தால் வயிறு தள்ளும், உடம்பு ஊதும், பிள்ளைக்குச் சளி பிடிக்கும். ஒரு சின்ன டம்ளரில் வெந்நீர், அதுவும் சோற்றுக்குப் பிறகு. அந்தக் காரத்தைத் தின்றுவிட்டு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு கிடப்பேன். குளிக்கும்போது தலையில் ஊற்றும் மஞ்சள் தண்ணீரை வாயால் பிடித்துக் குடித்திருக்கிறேன். வெட்கப்பட்டு மறைக்க இதில் ஒன்றுமில்லை. வெட்கப்பட வேண்டியது நான் இல்லை.

மாலையானால் அத்தை பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தன் அறைக்குப் போய்விடுவார். "நீ தூங்கும்மா. பெத்த ஒடம்பு. ராத்திரிக்கு நான் போத்தல் கொடுத்துக்கிறேன்." விடிந்து வெயில் ஏறிய பிறகுதான் பிள்ளை என் கைக்கு வரும். அதற்குள் வயிறு நிறைந்து தூங்கிக்கொண்டிருக்கும். பகலில் நெஞ்சில் போட்டால் இரண்டு இழுப்பு இழுக்கும், முகத்தைத் திருப்பும், வீறிடும். உடனே அத்தை போத்தலோடு நிற்பார்.

"பால் இல்லம்மா உனக்கு. புள்ளய ஏன் அழ வுடுற?"

"முதல்ல இருந்துச்சே அத்தை. ஆஸ்பத்திரியில சட்டையெல்லாம் நனஞ்சுச்சே."

"அது அப்படித்தான் வரும், போயிரும். நம்ம லயத்துப் பொம்பளைங்களுக்குப் பால் நிக்காது. இந்த மண்ணு அப்படி, இந்தத் தண்ணி அப்படி. நான் நாலு பெத்தேன். நாலும் டின் பால்ல வளந்ததுதான். ஒம் புருசன் கெட்டா போயிட்டான்?"

இதை அவர் குத்திக்காட்டிச் சொல்லவில்லை. மழை வரும், துணியை எடு என்பது போலச் சொன்னார். பக்கத்து வீட்டுக்காரியும் அதையேதான் சொன்னாள். எதிர்வீட்டில் படுத்த படுக்கையாக இருந்த கிழவர்கூடச் சொல்லி அனுப்பினார், இந்த லயத்தில் பால் நிக்காது, மருமகளை மனசு விட வேண்டாம் என்று சொல்லுங்கள் என்று. பாருங்கள், அந்த மனிதருக்கு எழுந்து உட்கார முடியாது. என் நெஞ்சைப் பற்றி மட்டும் கருத்து இருந்தது.

பாரோயில் தாமான் குடியிருப்பு வீட்டில் இருக்கும் நாத்தனார் தினமும் போன் செய்தாள். அவள் போனிலேயே பால் ஊறும் மாவு விற்கிறாள். "அண்ணி, ஒரு பாக்கெட் போதும், ஆறா ஓடும்." என்னிடம் ஆறும் ஓடவில்லை, ஓடையும் ஓடவில்லை. நெஞ்சு நாளுக்கு நாள் லேசாகிக்கொண்டே வந்தது. முன்பு காலையில் பால் கட்டிக்கொண்டு வலிக்கும். பிறகு வலியே இல்லை. அந்த வலி இல்லாமல் போன காலைதான் எனக்குப் பயம் வந்தது. அன்றே யாரிடமும் சொல்லாமல் பையைக் கட்டினேன்.

நான் எப்படிப்பட்டவள் என்றால்

தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும். புதிதாக வந்தவர்களுக்குச் சொல்கிறேன். நான் ஓர் இடத்தில் நின்றவள் இல்லை. படிவம் இரண்டோடு பள்ளியை விட்டவள். செனவாங்கில் ஃபேக்டரி, சிரம்பானில் சாப்பாட்டுக் கடை, தம்பினில் துணிக் கடை, ஒரு மழைக்காலம் முழுக்கக் கோழிப் பண்ணை. வேலை பிடிக்கவில்லை என்றால் பையைத் தூக்கிவிடுவேன். முதலாளிகளிடம் சொல்லிக்கொண்டு போனதைவிடச் சொல்லாமல் போனதே அதிகம்.

கல்யாணத்துக்குப் பிறகு அடங்கிவிட்டேன் என்று முரளி சொல்லிக்கொண்டு திரிந்தார். அவர் வாரத்தில் பாதி நாள் ஜோகூர் பக்கம் லோரியில் இருப்பவர். அடங்கியிருந்தேனா இல்லையா என்று பார்க்க அவர் வீட்டில் இருந்தால்தானே.

கோழிப் பண்ணையில் ஒன்று கவனித்திருக்கிறேன். முட்டை குறைந்தால் முதலாளி முதலில் தீவனத்தைப் பார்ப்பார், தண்ணீர்க் குழாயைப் பார்ப்பார், வெளிச்சத்தைப் பார்ப்பார். கோழியைக் குறை சொல்லி நான் கேட்டதில்லை. எனக்குப் பால் குறைந்தபோது எல்லாரும் என்னைத்தான் பார்த்தார்கள்.

பஸ் நிறுத்தத்தில்

செம்மண் சாலை முடிந்து தார் ரோட்டுக்கு வந்தபோது உச்சி வெயில். பஸ் நிறுத்தத்தில் ஒரு மலாய்ப் பெண்மணி காய்கறிக் கூடையோடு உட்கார்ந்திருந்தார். நகர்ந்து இடம் கொடுத்தார். முதலில் பையிலிருந்த வெந்நீரை நானே குடித்தேன். ஒரு டம்ளர் அல்ல, மூன்று டம்ளர். நெஞ்சு சுட்டது. யாரும் தடுக்காமல் குடித்த அந்தத் தண்ணீரின் ருசி இன்னும் நினைவிருக்கிறது. சுடுதண்ணீருக்கு ருசி உண்டு என்று அன்றுதான் தெரிந்தது.

பிறகு சாரோங்கை இழுத்து மூடிக்கொண்டு பிள்ளையை நெஞ்சில் போட்டேன். இழுத்தாள். விட்டாள். கையால் என்னைத் தள்ளினாள். ஒரு கைப்பிள்ளைக்கு அவ்வளவு பலம் எங்கிருந்து வந்ததோ, முதுகை வில்லாக வளைத்துக்கொண்டு கத்தினாள். மலாய்ப் பெண்மணி வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். அன்று என்னைப் பற்றிக் கருத்துச் சொல்லாத ஒரே மனுஷி அவர்தான்.

கடைசியில் டின்னைத் திறந்தேன். கட்டி இல்லாமல் கரைத்தேன். பிள்ளை போத்தலைக் கண்டதும் சத்தத்தை நிறுத்திவிட்டு மடக்கு மடக்கென்று குடித்தாள். எனக்கு அழுகை வரவில்லை. எரிச்சல்தான் வந்தது. யார் மேல் எரிச்சல் என்று அப்போது தெரியவில்லை. பிள்ளை மேல் இல்லை.

பஸ் வந்தது. ரெம்பாவில் இறங்கி, லெட்சுமிக்குப் போன் போட்டுவிட்டு ரயில் ஏறினேன். கெமாஸ் போய்ச் சேர்ந்தபோது பொழுது சாயத் தொடங்கியிருந்தது. ஸ்டேசன் வாசலில் லெட்சுமி மோட்டார் சைக்கிளோடு நின்றாள்.

லெட்சுமி என் ஃபேக்டரி காலத்துச் சிநேகிதி. ஒரே அறையில் ஒரே மின்விசிறிக்குச் சண்டை போட்டவர்கள். இப்போது கெமாஸ் பக்கத்து எஸ்டேட்டில் புருஷனோடு தொழிலாளர் கோட்டர்ஸ் வீட்டில் இருக்கிறாள். அவர் அங்கே எண்ணெய் ஆலையில் வேலை செய்கிறார். மூன்று பிள்ளைகள்.

என்னைப் பார்த்ததும் முதலில் பிள்ளையை வாங்கினாள். பிறகு என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"என்னடீ, பிரசவமான பொம்பள மாதிரியா இருக்க? காஞ்ச கருவாடு மாதிரி இருக்க. வா, முதல்ல சாப்டு. அழறதுன்னா அப்புறம் அழு."

"அழ வரல லா."

"அப்ப ரெண்டு தட்டு சாப்டு."

வாய்தான் கொண்டு வரும்

மறுநாள் லெட்சுமி என்னைக் கிளினிக்குக்குக் கூட்டிப் போனாள். அங்கே இருந்த மிஸ்ஸி, அதாவது நர்ஸ், ஒரு மலாய்ப் பெண். பிள்ளையை நிறுத்துப் பார்த்தார். எடை மோசமில்லை. "இப்போதைக்கு இவள் போத்தலில் வளர்கிறாள், அதனால் பயம் வேண்டாம்" என்றார். பிறகு "கொடுங்கள், பார்க்கிறேன்" என்றார்.

ஒரு நர்ஸ் முன்னால் உட்கார்ந்து பால் கொடுப்பது என்பது டிரைவிங் டெஸ்ட் மாதிரி. பிள்ளை வழக்கம் போல நுனியை மட்டும் கவ்வி இழுத்து, விட்டு, கத்தினாள். மிஸ்ஸி அவளைத் தூக்கி, வயிறு என் வயிற்றோடு ஒட்டும்படி திருப்பினார். வாய் பெரிதாகத் திறக்கும் வரை காத்திருந்து, மோவாய் முதலில் படும்படி சட்டென்று அணைத்து வைத்தார். அவள் கவ்வும்போதெல்லாம் காம்பில் எனக்கு இருந்த வலி நின்றுபோனது. இத்தனை நாளாக அந்த வலி எல்லாருக்கும் உள்ளது என்று நினைத்திருந்தேன்.

நான் தண்ணீர்க் கதையை ஆரம்பித்தேன். ஒரு டம்ளர், காரம், பத்தியம், அத்தை. இவரிடம் நியாயம் கிடைக்கும் என்று குரலை உயர்த்திச் சொன்னேன்.

மிஸ்ஸி முழுவதும் கேட்டுவிட்டு மலாயில் சொன்னார்: "தண்ணீர் உங்களுக்காக. தாகம் எடுத்தால் குடியுங்கள், தாராளமாகக் குடியுங்கள். ஆனால் பாலைக் கொண்டு வருவது பிள்ளையின் வாய். இரவு யார் கொடுத்தது?"

"மாமியார். போத்தலில்."

"நீங்கள்?"

"தூங்கினேன்."

"அந்த நேரமெல்லாம் உங்கள் உடம்பு நினைத்துக்கொண்டது, பால் தேவையில்லை என்று."

இத்தனை நாள் அந்தச் சின்ன டம்ளரைத் திட்டிக்கொண்டிருந்தேன். அது திட்ட வேண்டிய டம்ளர்தான், அதில் மாற்றமில்லை. ஆனால் என் பாலைக் கொண்டு போனது நான் நன்றி சொல்லி வாங்கிக்கொண்ட தூக்கம்.

என்ன செய்ய வேண்டும் என்று மிஸ்ஸி சொன்னது சுலபமாகத்தான் இருந்தது. பிள்ளை வாயைச் சப்பும்போதே போடு, அழும் வரை காத்திருக்காதே. இரண்டு பக்கமும் கொடு. இரவிலும் கொடு. குடித்து முடித்த பிறகு கையால் பீச்சு, வரவில்லை என்றாலும் பீச்சு. பிள்ளையை வெறும் நெஞ்சில் படுக்க வை. போத்தலை ஒரே நாளில் நிறுத்திவிடாதே, பிள்ளை இளைத்துவிடும். கொஞ்சம் கொஞ்சமாகக் குறை. நனையும் நாப்கினைப் பார்த்துக்கொள். வாரா வாரம் கொண்டு வா, நிறுத்துப் பார்ப்போம்.

கரண்டி அளவு

சொல்வது சுலபம். செய்தவளைக் கேளுங்கள்.

முதல் தடவை பீச்சியபோது டீ கரண்டியின் அடிகூட மறையவில்லை. லெட்சுமி எட்டிப் பார்த்தாள்.

"கண்ணுக்கு மருந்து விடவாடீ இது?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த சிரிப்பில் கரண்டி ஆடி, இருந்த துளியும் கொட்டிவிட்டது. பிறகுதான் அழுதேன். அவள் முதுகைத் தடவவில்லை. மைலோ கலக்கிக் கொண்டு வந்து வைத்துவிட்டு அவள் வேலையைப் பார்க்கப் போனாள். அப்படிப்பட்டவள்தான் எனக்கு வேண்டியிருந்தது.

பகல் இரவு என்ற வேறுபாடு போய்விட்டது. பிள்ளை குடிக்கும், நான் பீச்சுவேன், பாத்திரத்தைக் கொதிநீரில் போடுவேன், அதற்குள் பிள்ளை மறுபடி எழும். சட்டைக்குப் பட்டன் போடுவதை நிறுத்திவிட்டேன். என் உடம்பில் பூண்டு வாசனை போய்ப் புளித்த பால் வாசனை வந்தது. எனக்கு அது கெட்ட வாசனையாகத் தெரியவில்லை.

கோட்டர்ஸ் பெண்கள் பேசத் தொடங்கினார்கள். பிள்ளை கத்துவது சுவருக்கு அப்பால் கேட்கும்தானே.

"டின் பால் வாங்க வக்கில்லையா, இல்ல புள்ளயப் பட்டினி போடுறாளா?"

லெட்சுமி வாசலில் நின்றே பதில் கொடுத்தாள். "அக்கா, டின் இருக்கு, அலமாரியில. வேணுமா, கலக்கித் தரவா? வாய்க்கு வேலை கெடைக்கும்."

நேரடியாக என்னைக் கேட்ட ஆண்களும் உண்டு. "பால் வருதாம்மா?" குழாயில் தண்ணீர் வருகிறதா என்பது போல. ஒருவருக்கு நான் பதில் சொன்னேன். "வருதுண்ணே. உங்களுக்கு முடி வருதா?" அவர் வழுக்கைத் தலைக்காரர். அதன் பிறகு அவர் எங்கள் பக்கம் வரவில்லை.

டின் பால் கொடுக்கிறவளை நான் குறை சொல்கிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். என் பிள்ளை அந்த டின்னில்தான் உயிரோடு இருந்தாள். சிலருக்கு என்ன செய்தாலும் ஊறாது, அது அவள் குற்றம் இல்லை. என் கோபம் வேறு. ஊற விடாமல் செய்துவிட்டு, ஊறவில்லை என்று சொல்கிறார்களே, அதுதான்.

ஒரு காலை எழுந்தபோது நெஞ்சு கட்டிக்கொண்டு வலித்தது. அந்த வலியை நான் கையால் தொட்டுப் பார்த்தேன். பிள்ளையைப் போட்டேன். கொஞ்ச நேரத்தில் "க்ளக்... க்ளக்..." என்று தொண்டையில் இறங்கும் சத்தம். லெட்சுமியைக் கூப்பிட்டேன். அவள் மாவு பிசைந்த கையோடு ஓடி வந்து, குனிந்து காது கொடுத்துக் கேட்டாள்.

"அடி ஆத்தீ, முழுங்குறா!"

அந்த வாரம் போத்தலைப் பாதியாகக் குறைத்தேன். எடை ஏறியது. அடுத்து இன்னும் குறைத்தேன். ஒரே ஒரு மாலை போத்தல் மட்டும் மிஞ்சியது, அதை நிறுத்தவே முடியவில்லை. மிஸ்ஸி, "இருக்கட்டும், மற்றதெல்லாம் உங்களுடையதுதானே" என்றார். இருக்கட்டும் என்று விட்டேன்.

அத்தை வந்தார்

ஒரு ஞாயிற்றுக்கிழமை முரளி தன் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்தார். இதற்கு முன் அவர் மட்டும் இரண்டு முறை வந்து, வா என்று கெஞ்சி, பிறகு கோபித்து, பிறகு பிள்ளையைக் கொஞ்சிவிட்டுப் போயிருக்கிறார். அத்தை வருவது முதல் தடவை. கையில் புது டின், சுறாக் கருவாடு, பிள்ளைக்கு வாங்கிய தொப்பி.

"நாள் கழியாம வெளிய வந்தவ நீ. ஊரே பேசுது. லோரிக்கார மனுஷன் வந்து சொல்றாரு, ஒம் மருமவ ரோட்டுல நடக்குறான்னு. என் மூஞ்சிய எங்க வச்சுக்குறது?"

நான் சண்டைக்குத் தயாராகத்தான் இருந்தேன். ஆனால் பிள்ளை எழுந்துவிட்டாள். அத்தை கையைப் பைக்குள் விட்டு டின்னை எடுக்குமுன் நான் அவளை நெஞ்சில் போட்டேன். மின்விசிறிச் சத்தத்துக்கு மேலே பிள்ளை முழுங்கும் சத்தம் கேட்டது.

அத்தை கிட்டே வந்து குனிந்தார். பிள்ளையின் கடைவாயில் பால் வழிந்தது. விரலால் துடைத்து, அந்த விரலையே பார்த்தார்.

"நெசமாவே பால்தான்."

"பின்ன?"

அவர் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். சண்டையை மறந்துவிட்டார் என்று தெரிந்தது.

"எனக்கும் இப்படித்தான் வழியும். விடியுமுன்ன பெரட்டுல வரிசையா நின்னு பேர் கொடுத்துட்டு, ரப்பர் நெரையில எறங்கி, கொஞ்ச மரம் சீவுறதுக்குள்ள நெஞ்சு கல்லாட்டம் ஆயிரும். சட்டையெல்லாம் நனஞ்சு போயிரும். வலி தாங்காது. மரத்துக்குப் பின்னால போயி பீச்சி வுட்டுட்டு வருவேன். 'எங்கடி போயிட்ட'ன்னு கங்காணி கத்துவாரு. புள்ள அங்க ஆயாக் கொட்டகையில டின் பால் குடிச்சிக்கிட்டுக் கெடக்கும். ரெண்டு மாசம். அப்புறம் வத்திரும். நாலு புள்ளைக்கும் அப்படித்தான். நிக்கல."

நான் பிள்ளையை அசைக்காமல் கேட்டேன். "பீச்சி வுட்டீங்களா அத்தை?"

"ஆமா. நான் மட்டுமா? எல்லாரும்தான். அந்தக் கித்தாக் காட்டுல எந்த மரத்தடியில ஊத்தல?"

"அப்ப பால் இருந்திருக்கு."

"இருந்துச்சு..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார்.

போனைப் பார்த்துக்கொண்டிருந்த முரளி தலையைத் தூக்கினார். அத்தை யாரையும் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு, தனக்குத் தானே சொல்வது போல மெதுவாகச் சொன்னார்.

"ஆபீஸ் கிராணி பொண்டாட்டி அஞ்சு பெத்தா. அஞ்சுக்கும் கொடுத்தா. நடக்குற புள்ளகூட வந்து குடிக்கும். அவளும் அதே கெணத்துத் தண்ணிதான் குடிச்சா. அவ பெரட்டுக்கு வரல. வீட்டுல இருந்தா."

நான் சேர்த்து வைத்திருந்த கோபமெல்லாம் இந்தக் கிழவியின் மேல் போட வைத்திருந்தது. அது கை நழுவி, பெயர் தெரியாத எவனோ ஒருவன் மேல் போய் விழுந்தது. பிள்ளை பெற்றவளை இருட்டோடு வேலைக்களத்தில் வரிசையில் நிறுத்தியவன் மேல். அவள் நெஞ்சு நனைந்தபோது எங்கே போனாய் என்று கேட்க ஆள் வைத்தவன் மேல். ஒரு லயத்துப் பெண்கள் எல்லாரும் தங்கள் உடம்பில்தான் குறை, மண்ணில்தான் குறை என்று சாகும் வரை நம்பிக்கொண்டிருக்க, பங்களாவில் நிம்மதியாகத் தூங்கியவன் மேல்.

"சரி, கெளம்பு. நம்ம வீட்டுக்குப் போலாம்" என்றார் முரளி.

நான் வாயைத் திறக்குமுன் அத்தை திரும்பினார். "சும்மா இருடா. அவ வந்தா ராத்திரி புள்ள அழுதா நான் தூக்கிருவேன். கை நிக்காது எனக்கு. பழகிப்போச்சு. இங்கயே இருக்கட்டும், அவளா வர்ற வரைக்கும்."

போகும்போது புது டின்னை எடுத்துப் பைக்குள் திரும்ப வைத்தார். வாசல் வரை போய், திரும்பி வந்து, மறுபடி அதை வெளியே எடுத்து மேசை மேல் வைத்தார். "சாயங்காலப் போத்தலுக்கு" என்றார். கருவாட்டை லெட்சுமியிடம் கொடுத்தார். "அவ தண்ணி கேட்டா கொடும்மா" என்றும் சொன்னார். என்னிடம் சொல்லவில்லை.

மறுநாள் காலை

லெட்சுமியின் புருஷன் ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தார், எஸ்டேட் நர்சரியில் கன்றுப் பைக்கு மண் நிரப்ப ஆள் தேடுகிறார்கள் என்று. நான் தட்டிக் கழித்துக்கொண்டே இருந்தேன். வேலைக்குப் போனால் திரும்பவும் வற்றிவிடும் என்ற பயம். ஆனால் அடுத்தவள் வீட்டுச் சோற்றை எத்தனை நாள் தின்பது? அத்தை வந்து போன மறுநாள், விடிந்ததும் பிள்ளையைச் சாரோங்கில் முடிந்துகொண்டு போனேன்.

வேலையை மேற்பார்க்கும் மண்டோர் நடுவயதுத் தமிழர். என்னைப் பார்த்தார், சாரோங்கைப் பார்த்தார்.

"புள்ளயோடயா?"

"புள்ளைக்கு வேலை வேணாம்ணே. எனக்குத்தான்."

"பூச்சி மருந்தடிக்கப் போறியா? அதுல கூலி கூட."

"புள்ளைக்குப் பால் கொடுக்குறேன். மருந்து பக்கம் போக மாட்டேன். மண்ணு நெரப்புறேன்."

"இங்க புள்ளய வச்சுக்கிட்டு வேலை செஞ்சா மேனேஜர் கேப்பாரு."

"கேக்கட்டும். அவ பசிச்சா நான் ஒக்காந்து கொடுப்பேன். அதுக்கு உங்ககிட்ட உத்தரவு கேக்க மாட்டேன். எத்தன பை நெரப்புறேனோ அத்தனைக்குக் கூலி கொடுங்க. ஒத்துவரலன்னா இப்பவே சொல்லுங்க, நடக்குறேன். எனக்கு நடக்கத் தெரியும்."

அவர் காலால் ஒரு காலிச் சாக்கை நிழல் வலைக்கு அடியில் தள்ளிவிட்டார். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். சாக்கை உதறி விரித்து, அதன் மேல் என் துணியைப் போட்டு, பிள்ளையைப் படுக்க வைத்தேன். பிறகு மண்குவியலுக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன்.

முதல் வரிசைப் பைகள் நிரம்புவதற்குள் அவள் எழுந்துவிட்டாள். அழவில்லை, கையைச் சப்பினாள். நான் குழாயடியில் சோப்புப் போட்டுக் கையை நன்றாகக் கழுவினேன், மண்டோர் பார்க்கும் இடத்திலேயே உட்கார்ந்தேன், பிள்ளையை எடுத்துப் போட்டேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவள் குடித்து முடிக்கும் வரை நான் எழுந்திருக்கவில்லை.